கதிரவனை அளந்தவர்கள்

பள்ளிவாசல் சுவரில் தொங்கும் தொழுகை நேர அட்டவணையை நாம் அனைவரும் நாள்தோறும் பார்க்கின்றோம். பார்ப்பதோடு சரி. சில ஆண்டுகளுக்கு முன், நெல்லைச் சீமையில் ஓர் ஊரில் நாம் ஓதிக்கொடுத்துக் கொண்டிருந்த காலத்தில், பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் அந்த அட்டவணையை முழுதும் படித்துவிட்டு நம்மிடம் வந்தான். "உஸ்தாத், சூரியன் உச்சி சாயும் நேரம் நவம்பர் மாதத் தொடக்கத்தில் 11 மணி 53 நிமிடம் என்று போட்டிருக்கிறது. பிப்ரவரியில் 12 மணி 23 நிமிடம் என்று போட்டிருக்கிறது. உச்சி ஒன்றுதானே? ஏன் அரை மணி நேரம் மாறுகிறது?" என்று கேட்டான்.

கோடையில் பகல் நீளும், மாரியில் குறையும் என்று ஏதோ சொல்லி அவனை அனுப்பிவிட்டோம். அவன் போய்விட்டான், கேள்வி போகவில்லை. பகல் நீண்டால் இரு புறமும் நீளும், குறைந்தால் இரு புறமும் குறையும். நடுப்பகல் நடுவிலேதானே நிற்க வேண்டும்? இத்தனைக்கும் நாம் மதரஸாவில் 'தஷ்ரீஹுல் அஃப்லாக்', 'ஷரஹ் சக்மீனீ' என்னும் வானியல் நூல்களை உஸ்தாதுகளிடம் ஓதியவர்கள். கோளங்களின் அரபிப் பெயர்களை இன்றும் வரிசை பிறழாமல் ஒப்பிப்போம். ஆனால் ஓதிய ஆண்டுகள் அத்தனையிலும் முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு அதன் நிழல் எங்கே விழுகிறதென்று ஒரு நாளும் நாம் பார்த்ததில்லை. அந்த வெட்கத்தில் தொடங்கிய தேடலில் கிடைத்தவற்றுள் சிலவற்றை இளம் பிள்ளைகளும் அவர்தம் பெற்றோரும் படிக்கும்படி இங்கு எழுதுகின்றோம்.

முதலில், இன்றைய அறிவியல் கதிரவனைப் பற்றி உறுதியாகச் சொல்பவை. கதிரவன் ஒரு விண்மீன். இரவில் நாம் காணும் விண்மீன்களின் இனத்தைச் சேர்ந்தது. நமக்கு அண்மையில் இருப்பதால் பெரிதாகத் தோன்றுகிறது. அதன் குறுக்களவு ஏறத்தாழ 13,92,000 கிலோமீட்டர். நம் பூமியின் குறுக்களவைப் போல் 109 மடங்கு. அதனுள் 13 இலட்சம் பூமிகளை அடக்கலாம். நமக்கும் அதற்கும் உள்ள தொலைவு சராசரி 15 கோடி கிலோமீட்டர். அதன் ஒளி நம்மை வந்தடைய 8 நிமிடமும் 20 விநாடியும் ஆகின்றன. அதன் மேற்பரப்பின் வெப்பம் ஏறத்தாழ 5,500 பாகை செல்சியஸ். நடுவிலோ ஒன்றரைக் கோடி பாகை. அங்கே ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாக மாறுகின்றன. அம்மாற்றத்தில் பிறக்கும் ஆற்றலே நமக்கு வெயிலாக வருகிறது. கதிரவனுக்கு வயது ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகள்.

இவற்றையெல்லாம் நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே சொல்லிவிட்டார்கள் என்று மேடைதோறும் முழங்குவோர் நம்மிடையே உண்டு. சொல்லவில்லை. அவர்கள் சொன்னவை வேறு. அவையும் சிறியன அல்ல.

கதிரவனைப் பற்றிய பேச்சில் நம்மவர்க்கு முதற்பாடம் மதீனாவில் கிடைத்தது. ஹிஜ்ரி 10ஆம் ஆண்டில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் குழந்தை இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அந்தக் குழந்தையின் மறைவுக்காகவே கதிரவன் இருண்டதென மக்கள் பேசிக்கொண்டனர். மகனை இழந்த அந்த வேளையிலும், எவருடைய இறப்புக்காகவோ பிறப்புக்காகவோ கதிரவனும் சந்திரனும் கிரகணம் கொள்வதில்லை என்று நாயகம் (ஸல்) அவர்கள் அப்பேச்சை மறுத்துவிட்டார்கள். அக்கிரகணம் கி.பி. 632 ஜனவரி 27ஆம் நாள் நிகழ்ந்தது என இன்றைய வானியலார் கணக்கிடுகின்றனர். கிரகணம் மனிதரின் துயரத்தோடு தொடர்புடையது அன்றாயின், அதற்கெனத் தனிக் கணக்கு இருக்க வேண்டும் அன்றோ? அக்கணக்கைத் தேடியவர்கள் ஈரிரு நூற்றாண்டுகளில் தோன்றினர்.

கலீஃபா மஃமூன் காலத்தில், 828ஆம் ஆண்டு முதல், பக்தாதின் ஷம்மாசிய்யாவிலும் பின்னர் திமிஷ்கின் காஸியூன் மலையிலும் கதிரவனை நாள் தவறாது நோக்கி அளந்தனர். அவர்களுக்குப் பின் வந்தவர்களுள் நம் மனத்தை மிகவும் கவர்ந்தவர் அல்பத்தானீ. முன்னோர் ஹர்ரான் நகரத்துச் சாபிகள், அவர் முஸ்லிம். யூப்ரட்டீஸ் ஆற்றங்கரையில் உள்ள ரக்கா நகரில் 877ஆம் ஆண்டு தொடங்கி 918ஆம் ஆண்டு வரை, நாற்பத்தோர் ஆண்டுகள், வானத்தை நோக்கினார். தொலைநோக்கி தோன்றுவதற்கு எழுநூறு ஆண்டுகள் இருந்தன. அவரிடம் இருந்தவை நிழற்கோலும் அளவு குறித்த வட்டங்களும் பொறுமையுமே.

அவர் செய்ததை ஒரு நாட்காட்டி கொண்டு நம் பிள்ளைகளும் செய்து பார்க்கலாம். மார்ச் 20 அல்லது 21இல் பகலும் இரவும் சமம். செப்டம்பர் 22 அல்லது 23இல் மீண்டும் சமம். இவ்விரு நாள்களுக்கும் இடையே கதிரவன் தன் வட்டத்தில் சரிபாதியைக் கடக்கிறது. மீதிப் பாதியைச் செப்டம்பரிலிருந்து மார்ச்சுக்குள் கடக்கிறது. எண்ணிப் பாருங்கள்: முதற்பாதிக்கு 186 நாள்கள், மறுபாதிக்கு 179 நாள்கள்தாம். பாதை சமம், நாள்கள் சமமல்ல. ஆகவே கதிரவன் ஓரிடத்தில் மெல்லவும் மற்றோரிடத்தில் விரைந்தும் செல்வதாகத் தோன்றுகிறது. மிக மெல்லச் செல்லும் இடமே அது நமக்கு மிகத் தொலைவில் இருக்கும் இடம். அரபியில் அதனை 'அவ்ஜ்' என்பர். நாம் சேய்மை நிலை எனலாம். உண்மையில் சுற்றுவது பூமிதான் என்பதும், அதன் பாதை சற்றே நீள்வட்டம் என்பதும் பின்னர் விளங்கியவை. ஆயினும் கணக்கு ஒன்றே. இக்காலத்தில் ஜூலைத் தொடக்கத்தில் கதிரவன் 15 கோடியே 21 இலட்சம் கிலோமீட்டர் தொலைவிலும், ஜனவரித் தொடக்கத்தில் 14 கோடியே 71 இலட்சம் கிலோமீட்டர் தொலைவிலும் இருக்கிறது. மார்கழிப் பனியில் நாம் நடுங்கும்போதுதான் கதிரவன் நமக்கு மிக நெருக்கம்!

கிரேக்கப் பேரறிஞர் தாலமி இச்சேய்மை நிலை என்றும் அசையாது என்று எழுதி வைத்தார். அதன் இடம் 65 பாகை 30 கலை என்றார். அல்பத்தானீ அளந்தபோது அது 82 பாகை 17 கலையில் இருந்தது. மஃமூன் காலத்தவர் முன்னமே இவ்வேறுபாட்டைக் கண்டிருந்தனர். எனவே முதன்முதற் கண்டவர் பத்தானீ என்று எழுதுவது முறையன்று. அவர் செய்தது அதனை நாற்பதாண்டு உழைப்பால் உறுதிப்படுத்தியது. கதிரவனின் தோற்ற அளவும் ஆண்டு முழுதும் ஒரே சீராக இல்லை என்றும், ஆகவே சந்திரன் கதிரவனை முழுதும் மறைக்காமல் சுற்றிலும் ஒளிவளையம் விட்டு நிற்கும் கங்கண கிரகணமும் நிகழக்கூடும் என்றும் அவர் காட்டினார். தாலமியின் கணக்கில் அதற்கு இடமே இல்லை. 2010 ஜனவரி 15இல் இராமேசுவரத்திலும் 2019 டிசம்பர் 26இல் திண்டுக்கல்லிலும் அந்த வளையத்தை நம் மக்கள் கண்ணாரக் கண்டனர். இரண்டும் கதிரவன் அண்மையில் இருந்து பெரிதாகத் தோன்றும் பருவத்தில் நிகழ்ந்தவை என்பதை நோக்குக.

ஆண்டின் நீளத்தையும் அவர் கணக்கிட்டார்: 365 நாள், 5 மணி, 46 நிமிடம், 24 விநாடி. இன்றைய அளவு 365 நாள், 5 மணி, 48 நிமிடம், 45 விநாடி. இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் குறைகிறது. அந்தப் பிழை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். 882ஆம் ஆண்டில் தாம் நோக்கிய சமநாளை, தாலமி 139ஆம் ஆண்டில் நோக்கியதாக எழுதிய சமநாளோடு ஒப்பிட்டு, இடைப்பட்ட 743 ஆண்டுகளால் வகுத்தார். தாலமியின் நாளோ ஒரு நாளுக்கும் மேலாகப் பிந்திக் குறிக்கப்பட்டிருந்தது. தாமே அளந்ததில் பத்தானீ தவறவில்லை. பெரியவர் எழுதியதென்று நம்பி எடுத்ததில் தவறு புகுந்தது.

அவருடைய 'ஸீஜ்' என்னும் வானியல் நூல் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இலத்தீன் மொழிக்குச் சென்றது. 1537இல் நூரம்பெர்க் நகரில் அச்சேறியது. 1543இல் வெளிவந்த கோப்பர்நிக்கஸின் நூலில் அவர் பெயர் வருகிறது. அவருடைய முடிவைப் பற்றி இப்னு நதீம் குறித்திருப்பது நெஞ்சைத் தொடும். ரக்கா மக்கள் சிலருக்கு நேர்ந்த அநீதி குறித்து முறையிட அவர்களோடு பக்தாது சென்றவர், திரும்பும் வழியில் கஸ்ருல் ஜிஸ் என்னுமிடத்தில் ஹிஜ்ரி 317இல் இறந்தார். வானத்தை நோக்கியவர் ஊராரின் குறையையும் நோக்கியிருக்கிறார்.

அடுத்து ஒரு கருவியின் கதை. ரய் நகரத்தருகே 994ஆம் ஆண்டில் அல்குஜந்தீ என்பவர், புவைஹி மன்னர் ஃபக்ருத் தவ்லாவின் உதவியால் ஓர் இருட்டுக் கட்டடம் எழுப்பினார். கூரையில் சிறு துளை. அதன் வழியே நடுப்பகலில் புகும் கதிரவனின் ஒளிவட்டம், கீழே ஏறத்தாழ 20 மீட்டர் ஆரத்தில் வளைத்துக் கட்டிய அளவுச் சுவரின் மீது விழும். கருவி பெரிதாக இருந்தால் நுட்பம் மிகும் என்பது அவர் எண்ணம். அவ்வளைவில் ஒரு பாகைக்கு 35 சென்டிமீட்டர் இடம் கிடைக்கிறது. கதிரவன் பாதையின் சாய்வு 23 பாகை 32 கலை எனக் கண்டார். முன்னோர் கண்ட அளவுகளைவிட இது குறைவாதலால், சாய்வு காலந்தோறும் குறைந்து வருகிறது என முடிவு கட்டினார்.

இதனைக் கேட்ட அல்பீரூனீ சும்மா இருக்கவில்லை. குஜந்தீயையே நேரில் உசாவினார். கட்டடத்தின் பளுவால் கூரைத்துளை ஒரு சாண் அளவு தாழ்ந்துவிட்டதைக் குஜந்தீயே தம்மிடம் ஒப்புக்கொண்டதாகப் பீரூனீ எழுதியுள்ளார். கருவி தாழ்ந்தால் அளவும் பிழைக்கும். ஆகவே தாமே அளந்து கண்ட 23 பாகை 35 கலையையே பீரூனீ கொண்டார். அன்று உண்மை அளவு 23 பாகை 34 கலை. பீரூனீ சரி, குஜந்தீ தவறு என்று சொல்லி முடித்துவிடலாமா? முடியாது. சாய்வு உண்மையிலேயே நூறாண்டுக்கு 47 விகலை வீதம் குறைந்துகொண்டுதான் வருகிறது. பிழையான அளவைக் கொண்டு சரியான முடிவுக்கு வந்துவிட்டார் குஜந்தீ! பிள்ளைகளுக்கு இதனைச் சொன்னால் சிரிப்பார்கள். நமக்கோ, தம் கருவியின் குறையைக் கேட்டவரிடம் மறைக்காத அம்மனிதர்மீது மதிப்பே மிகுகிறது.

பீரூனீ பற்றி இன்னொன்று. இளமையில் கிரகணத்தை வெறுங்கண்ணால் நோக்கியதால் தம் பார்வை மங்கியதென்றும், நீரில் தெரியும் பிம்பத்தைப் பார்ப்பதே தக்கதென்றும் அவரே எழுதியிருக்கிறார். நீரில் பார்ப்பதும் தீங்கே என்பது இன்றைய மருத்துவம். பிள்ளைகள் கைக்கொள்ள வேண்டியது, பீரூனீயின் காலத்தவரான இப்னுல் ஹைதம் ஆராய்ந்த முறை: அட்டையில் சிறு துளையிட்டு, கதிரவனுக்கு முதுகு காட்டி நின்று, துளை வழி வந்து தாளில் விழும் உருவைப் பாருங்கள். கிரகணத்தின்போது அவ்வுரு பிறையாக விழுவது ஏன், துளை பெரிதானால் பிறை ஏன் மறைகிறது என்பதற்கென்றே அவர் தனி நூல் ஒன்று எழுதினார்.

அந்தலூசியாவின் துலைதுலா நகரில் அஸ்ஸர்காலீ இருபத்தைந்து ஆண்டுகள் கதிரவனை நோக்கி, சேய்மை நிலை விண்மீன்களிடையேயும் ஆண்டுக்கு ஏறத்தாழ 12 விகலை நகர்கிறது என்றார். இன்றைய அளவும் அதனை ஒட்டியதே. திமிஷ்கின் உமய்யாப் பள்ளியில் தொழுகை நேரம் கணிக்கும் பணியில் இருந்த இப்னு ஷாத்திர், ஹிஜ்ரி 773இல் அதன் மினாராவுக்கு ஒரு நிழற்கடிகாரம் செய்து கொடுத்தார். சமர்கந்தில் மன்னர் உலுக் பேக், குஜந்தீயின் கருவியைப் போல் இருமடங்கு பெரிதாக ஒன்றைப் பூமிக்குள் இறக்கிக் கட்டினார். 1449இல் அவர் கொலையுண்டபின் அது மண்மூடிப் போய், 1908இல் தோண்டி எடுக்கப்பட்டது.

இனி அவர்கள் தோற்ற இடத்தையும் சொல்ல வேண்டும். கதிரவனின் தொலைவு! தாலமி பூமியின் ஆரத்தைப் போல் 1,210 மடங்கு என்றார். பத்தானீ சராசரி 1,108 மடங்கு என்றார். அல்ஃபர்கானீ கதிரவன் பூமியைப் போல் 166 மடங்கு பெரியது என்று எழுத, கிழக்கிலும் மேற்கிலும் நூற்றாண்டுகளாக அதனையே ஓதினர். நாம் ஓதிய நூல்களும் இதே வழியில் வந்தவைதாம். உண்மைத் தொலைவு ஏறத்தாழ 23,500 மடங்கு. இருபது பங்கில் ஒரு பங்கைத்தான் அவர்கள் எட்டினர்.

காரணம் அறிவுக் குறைவன்று. பூமியின் இரு முனைகளிலிருந்து நோக்கினால் ஒரு பொருள் எவ்வளவு இடம் பெயர்ந்து தோன்றுகிறது என்பதைக் கொண்டுதான் தொலைவை அறிய வேண்டும். சந்திரனுக்கு அப்பெயர்ச்சி கண்ணுக்குத் தெரியும் அளவு பெரியது. கதிரவனுக்கோ, பூமியின் ஆரம் முழுவதற்கும் 9 விகலைகூட இல்லை. இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் மனிதன் கையில் பிடித்த சுட்டுவிரலின் நீளத்துக்கும் அது சற்றே மிகுதி, அவ்வளவுதான். கருவியே எட்டாத அந்த ஒன்றில் பழைய எண்ணைத் திருத்த வழியின்றிச் சற்றே மாற்றி மாற்றி எழுதினார்கள்.

அவ்வெண்ணை அறிய ஐரோப்பியர் பட்ட பாட்டில் ஒரு காட்சி நம் கடற்கரையில் நடந்தது. கதிரவனின் முகத்தைச் சுக்கிரன் கடந்து செல்வதைப் பல நாடுகளிலிருந்து நோக்கினால் தொலைவு தெரியும். 1761இல் அதற்கெனப் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு வானியலார் லெ ஜாந்தீல், ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் கப்பலிலிருந்தே பார்க்க நேர்ந்தது. ஆடும் கப்பலில் அளவெடுக்க இயலவில்லை. அடுத்த கடப்புக்காக எட்டாண்டுகள் கீழை நாடுகளிலேயே காத்திருந்தார். 1769 ஜூன் 4ஆம் நாள் காலை, புதுச்சேரியில் எல்லாக் கருவிகளும் ஆயத்தமாக இருக்க, மேகம் வந்து மூடிக்கொண்டது. ஊர் திரும்பினால் அவர் இறந்துவிட்டதாகக் கருதிச் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தனர் உறவினர்! அவர் காணாததைப் பிற இடங்களில் கண்டவர்களின் அளவுகளைக் கொண்டே தொலைவு ஏறத்தாழச் சரியாகக் கணிக்கப்பட்டது.

2023 செப்டம்பர் 2ஆம் நாள் நம் நாடு கதிரவனை ஆராய ஏவிய ஆதித்யா எல்1 கலம், பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று அதனை நோக்குகிறது. அதன் திட்ட இயக்குநராக இருந்தவர் செங்கோட்டையில் பிறந்த நிகார் ஷாஜி அவர்கள். நம் சீமைப் பெண் என்று சொன்னபோது மாணவியரின் முகம் மலர்ந்ததைக் கண்டோம்.

அச்சிறுவனின் கேள்விக்கு வருவோம். விடையை நாம் தாமதமாகவே கற்றோம். கடிகாரம் நாள்தோறும் ஒரே சீராக 24 மணி ஓடுகிறது. கதிரவனோ பத்தானீ அளந்தபடி ஒரு பருவத்தில் விரைந்தும் ஒரு பருவத்தில் மெல்லவும் நகர்கிறது. போதாக்குறைக்கு அதன் பாதையும் சாய்ந்திருக்கிறது. இவ்விரண்டும் சேர்ந்து நவம்பரில் உச்சியைக் கடிகாரத்துக்கு 16 நிமிடம் முந்தவும், பிப்ரவரியில் 14 நிமிடம் பிந்தவும் செய்கின்றன. அவன் கேட்ட அரை மணி நேரம் இதுவே.

சொன்னதோடு விடாமல், டிசம்பர் விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முற்றத்தில் கோல் நட்டோம். நம் ஃபிக்ஹு நூல்களில் 'தாயிரத்துல் ஹிந்திய்யா', அதாவது இந்திய வட்டம், என்று ஒரு முறை சொல்லப்பட்டிருக்கிறது. சமதரையில் வட்டம் கீறி நடுவில் கோலை நிறுத்தி, முற்பகலில் நிழலின் நுனி வட்டத்துக்குள் புகும் இடத்தையும் பிற்பகலில் வெளியேறும் இடத்தையும் குறித்து, இரண்டுக்கும் இடையை இரண்டாகப் பகுத்தால் வடக்குத் தெற்குக் கோடு கிடைக்கும். பாடமாகப் பலமுறை ஓதிய அவ்வரிகளை அன்றுதான் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் எழுதினோம். மறுநாள், அக்கோட்டின்மீது நிழல் வந்து பொருந்தும் நேரத்தைப் பார்க்க அச்சிறுவன் கைக்கடிகாரத்துடன் குந்தியிருந்தான்.

12 மணி 19 நிமிடம் என்றான். அட்டவணையில் அன்றைக்கு 12 மணி 9 நிமிடம் என்றிருந்தது.

கோல் சாய்ந்திருக்குமோ என்று நூற்குண்டு கட்டிப் பார்த்தோம். மூன்று நாள் பார்த்தோம். ஒரு நிமிடம் முன்பின்னாக அதே விடைதான். பிறகே அட்டவணையின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தோம்: அது சென்னைக்குக் கணித்தது. சென்னைக்கு இரண்டரைப் பாகை மேற்கே இருக்கும் ஊரில், எவரோ அதனை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். ஒரு பாகைக்கு நான்கு நிமிடமாகப் பத்து நிமிடம். லுஹருக்குப் பாங்கு அரை மணி கழித்தே சொல்லப்படுவதால் தொழுகைக்குக் குறையில்லை. ஆனால் அவ்வூரில் நோன்பு திறப்பதற்கும் பல ஆண்டுகளாக அதே தாளைத்தான் பார்த்து வந்தோம். மஃரிபுக் கணக்கில் குறுக்குக்கோட்டு வேறுபாடும் சேருவதால் அங்கே எவ்வளவு பிசகு என்று நாளுக்கு நாள் தனியே கணக்கிட வேண்டியிருந்தது. அதற்காக ரமளானுக்கு முன் ஊரின் மேற்கே மறைப்பில்லாத குளக்கரையில் அந்தப் பிள்ளைகளோடு நின்று கதிரவன் மறையும் நேரத்தை ஒரு மாதம் குறித்தோம். அந்த ஏட்டைக் கொண்டுபோய் ஜமாஅத் பெரியவர்களிடம் வைத்தபோது, அவர்கள் முதலில் கேட்டது, "யார் எழுதியது?" என்பதுதான். சிறுவனை முன்னே நிறுத்தினோம்.